அரங்கில் வெள்ளி, வீட்டில் சனி

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசியப் போட்டியில் மூன்றே நாட்களில் 640 ஆட்டங்கள் நடந்து முடிகின்றன. அத்தனையையும் பார்த்த மனிதர் என்று ஒருவரும் கிடையாது. அரங்கின் நல்ல இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது முடியாது. வீட்டில் டிவி, மடிக்கணினி, கைபேசி என்று மூன்று திரைகளைத் திறந்து வைத்திருப்பவருக்கும் முடியாது. தொடக்கச் சுற்றுகளில் ஒரே நேரத்தில் எட்டு மேட்களில் ஆட்டம் போகும். கண்களோ இரண்டு. நேரில் போவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்நாட்டு மல்யுத்த ரசிகர்களிடையே கிளம்பும் வழக்கின் அடியில் கிடப்பது இந்தக் கணக்குதான்: எதைப் பார்க்காமல் விட்டால் மனசு ஆறும்?

என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 1928-இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் தொடங்கிவைத்த போட்டி இது. இப்போதைய வடிவத்தில் எடைப் பிரிவுகள் பத்து. 125 பவுண்டில் ஆரம்பித்து 285 பவுண்டில் முடியும். பிரிவுக்கு 33 பேர் வீதம் மொத்தம் 330 வீரர்கள். வியாழன் பகலில் தொடங்கி சனி இரவு வரை, நாளுக்கு இரண்டாக ஆறு அமர்வுகள். முதல் ஆட்டத்தில் தோற்றவர் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. தோற்றவர்களுக்கென்று தனிப் பாதை உண்டு. அதில் ஒவ்வொருவராக வென்று ஏறினால் மூன்றாம் இடம் வரைகூட வரலாம். எட்டாம் இடத்துக்குள் வந்துவிட்டால் ‘ஆல் அமெரிக்கன்’ என்ற பட்டம் சாகும்வரை பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் வாசகருக்கு இந்த உலகம் முழுக்க அந்நியமில்லை. பள்ளியின் மதிய இடைவேளையில் டபிள்யூடபிள்யூஇ சீட்டுகளை அடுக்கி விளையாடிய தலைமுறைக்கு கர்ட் ஆங்கிளும் பிராக் லெஸ்னரும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அந்த நாடக மேடைக்கு ஏறுமுன் இருவரும் நிஜ மேட்டில் வென்றவர்கள்: ஆங்கிள் 1990, 1992 ஆண்டுகளிலும், லெஸ்னர் 2000-இலும் இதே கல்லூரிப் பட்டத்தை எடுத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் அமன் ஷெராவத் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினாரே, அதே பிரிவில் வெள்ளி வாங்கிய ஸ்பென்சர் லீயும் இந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்தான். அவர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வருவார்.

ஆட்ட விதிகள் மட்டும் ஒலிம்பிக்கிலிருந்து விலகியவை. ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகைத் தரைப் பக்கம் திருப்பிவிட்டாலே புள்ளி விழும். கல்லூரியில் ஆடப்படும் ஃபோக்ஸ்டைலில் ஆளைக் கீழே கொண்டுவருவது பாதி வேலை. எழவிடாமல் அடக்கி வைத்திருப்பது மீதி வேலை. யார் யாரை எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார் என்பதற்குத் தனிக் கடிகாரம் ஓடும். கடைசியில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக வைத்திருந்தவருக்கு ஒரு புள்ளி. மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரிந்த ஏழு நிமிட ஆட்டத்தில் பல முடிவுகளைத் தீர்மானிப்பது இந்த ஒற்றைப் புள்ளிதான். கல்லூரி மல்யுத்தம் முதல் தடவை பார்ப்பவருக்குப் புரியாமல் போவதும் இதனால்தான். இரண்டு பேர் தரையில் பின்னிக்கிடக்க, பெரிதாக எதுவும் நடக்காததுபோல் தோன்ற, கூட்டம் மட்டும் எழுந்து நின்று கத்தும்.

டிவிக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு 1970-லேயே சிக்கலாகிவிட்டது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேன் கேபிள் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்து 181 ஆட்டங்களில் தோல்வியே அறியாமல் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்துக்கு வந்து நின்றார். போட்டி இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில். ஏபிசி நிறுவனம் அந்த ஆட்டத்தைப் படம்பிடித்துப் பின்னர் ஒளிபரப்ப ஏற்பாடு செய்திருந்தது. 182-வது வெற்றியை வந்து பாருங்கள் என்று ரசிகர்களை அழைக்கும் விளம்பரத்தை ஆட்டத்துக்கு முன்பே கேபிளைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். வசனம் சரியாக வராமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது என்று கேபிளே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மேட்டில் ஏறியவரை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ் என்ற மாணவர் 13-11 என்று வீழ்த்தினார். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்துக்கொண்டு 142 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கி வந்தவர் ஓவிங்ஸ். தோல்விக்குக் காரணம் கேமராதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அரங்கில் இருந்தவர்கள் பார்த்ததை நாடு பிறகுதான் பார்த்தது. முடிவு அதற்குள் செய்தித்தாளில் வந்துவிட்டது. அந்தத் தலைமுறைக்கு ‘நேரில் போவதா வீட்டிலா’ என்ற கேள்விக்கே இடமில்லை. நேரில் போனவர் பார்த்தார். மற்றவர் படித்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் கேபிள் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றதும், பயிற்சியாளராக அயோவா பல்கலைக்கழகத்துக்கு 15 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்ததும் வேறு கதை.

இன்றைய நிலை தலைகீழ். இஎஸ்பிஎன் நிறுவனம் எல்லா அமர்வுகளையும் நேரலையாகத் தருகிறது. அதன் இணையச் சேவையில் எட்டு மேட்களையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கலாம். தன் ஊர்ப் பையன் ஆறாம் எண் மேட்டில் முதல் சுற்று ஆடுகிறான் என்றால், டிவி இயக்குநர் மனம் வைத்து அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிடித்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கலாம். காலைப் பிடித்தபோது எதிராளியின் இடுப்பு எங்கே இருந்தது, புள்ளி சரியாகத்தான் கொடுத்தாரா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். முன்னாள் வீரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதைப்போல வர்ணனை வேறு. புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த வர்ணனை இல்லாமல் இந்த ஆட்டம் பிடிபடாது. அரங்கில் அதைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

கூடவே, கேமரா மட்டுமே போகக்கூடிய இடங்களும் உண்டு. 2021-இல் மூன்றாவது பட்டம் வென்றதும் ஸ்பென்சர் லீ டிவி நேர்காணலில் ஒரு குண்டைப் போட்டார்: இரண்டு முழங்காலிலும் தசைநார் கிழிந்த நிலையில்தான் ஆடியிருக்கிறார். கொரோனா காரணமாக அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அரங்கில் குறைந்த அளவு பார்வையாளர்களையே அனுமதித்தார்கள். மேட்டில் நின்றவர் சொன்னதை வீட்டில் டிவி முன் உட்கார்ந்து அப்போதே கேட்டவர்கள்தான் மிகுதி.

வீட்டுக் காட்சிக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நாள்காட்டி. மல்யுத்தப் போட்டி நடக்கும் அதே வாரத்தில்தான் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியும் சூடுபிடிக்கிறது. அமெரிக்கா முழுக்க அலுவலகத்தில்கூட ஒளித்துவைத்துப் பார்க்கிற விளையாட்டு அது. ஆடவர் கூடைப்பந்து வேறு நிறுவனங்களின் கையில் இருக்க, மகளிர் கூடைப்பந்து இஎஸ்பிஎன் வசம் இருக்கிறது. ஆகவே மல்யுத்தம் ஒரு அமர்வில் ஒரு சேனலிலும் அடுத்த அமர்வில் இன்னொரு சேனலிலுமாக வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும். மதுக்கடைக்குப் போய் நண்பர்களோடு பார்க்கலாம் என்றால், அங்கே இருக்கும் பன்னிரண்டு டிவியிலும் கூடைப்பந்து ஓடும். ரிமோட்டைக் கேட்டு வாங்கத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்று, தாமதம். இணையத்தில் வரும் நேரலை நிஜ நேரத்தைவிட அரை நிமிடம்வரை பின்தங்கி வருவது சகஜம். புள்ளிப் பட்டியலோ உடனுக்குடன் மாறிவிடும். அரையிறுதியின் கடைசி இருபது விநாடியை நகம் கடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரங்கில் இருக்கும் மச்சானிடமிருந்து ‘போச்சு’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்து விழும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மற்ற ஏழு மேட்களில் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் போகும்.

அரங்குக்குள் தலைமை நீதிபதி ஒலிதான்.

போட்டி பெரும்பாலும் நடக்கும் ஐஸ் ஹாக்கி அரங்கின் தளம் ஏறக்குறைய 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். அதில் எட்டு மேட்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் புள்ளி எழுதும் மேசை, மூலையில் பயிற்சியாளர்களுக்கு இரண்டு நாற்காலி என்று போட்டுவிட்டால் காலியிடம் மிச்சமிருக்காது. மேல் வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தொலைவு மேட்டில் நடப்பது எறும்புச் சண்டை. பைனாகுலர் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அனுபவப்பட்ட ரசிகர் எல்லா மேட்டையும் பார்க்க முயல்வதே இல்லை. ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு மூலையிலிருந்து ஒரு கூச்சல் எழும்பினால் தலை தானாகத் திரும்பும். அந்தக் கூச்சலின் தரத்தை வைத்தே என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் கத்தினால் தங்கள் பையன் புள்ளி எடுத்திருக்கிறான். சம்பந்தமில்லாத நிறச் சட்டைக்காரர்களும் சேர்ந்து கத்தினால், பெரிய வீரன் ஒருவன் ஆபத்தில் இருக்கிறான்.

ரசிகர்கள் பல்கலைக்கழகவாரியாகக் கூடி உட்காருவதால் இந்தக் கணிப்பு எளிதாகிறது. கறுப்பும் மஞ்சளும் கலந்த திட்டு அயோவா. நீலமும் வெள்ளையும் பென் ஸ்டேட். ஆரஞ்சு என்றால் ஓக்லஹோமா ஸ்டேட். அந்தந்த ஆண்டில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களைத் தவிர மீதி அரங்கம் முழுதும் ஒரு கட்சி. பெயரே கேள்விப்படாத சிறு கல்லூரிப் பையன் முதல் நிலை வீரனின் காலைப் பிடித்துவிட்டால், அவனுக்கு ஒரு நிமிடத்துக்குள் பதினைந்தாயிரம் சொந்தக்காரர்கள் கிடைத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களே அவனை மறந்தும்விடுவார்கள். இந்தக் கட்சி மாறுதலை ஒலிவாங்கி சமப்படுத்தி, வீட்டுக்கு வெறும் ‘ஆ’வென்ற இரைச்சலாகத்தான் அனுப்புகிறது.

கிட்டத்தில் இடம் கிடைத்தவருக்கு இன்னொரு உலகம். நடுவரின் ஒரு மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, மறு மணிக்கட்டில் பச்சைப் பட்டை. எந்தக் கை மேலே போகிறதோ அந்த நிற வீரனுக்குப் புள்ளி. எத்தனை விரல் நிற்கிறதோ அத்தனை. ஆளைக் கீழே கொண்டுவந்தால் முன்பு இரண்டு விரல். 2023-24 பருவத்திலிருந்து மூன்று. தீர்ப்பு பிடிக்காத பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு பஞ்சுக் கட்டியை மேட்டுக்குள் வீசுவார். வீடியோவைப் பார்த்து மறுபரிசீலனை செய் என்று அதற்குப் பொருள். நடுவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கும் அந்த நேரத்தில் வீட்டில் அதே காட்சி நாலு கோணத்தில் ஓடும். அரங்கில் இருப்பவரோ இரண்டு வீரர்களையும் பார்ப்பார்: ஒருவன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறான், மற்றவன் பயிற்சியாளரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்து யார் புள்ளி எடுக்கப்போகிறார் என்பதற்கான துப்பு அங்கேதான் இருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்தாலும் ஆட்டம் நிற்கும். மருத்துவ உதவியாளர் பஞ்சைத் திணித்து, அது நிற்காவிட்டால் தலையைச் சுற்றிக் கட்டுப்போடுவார். இன்னொருவர் துணியும் கிருமிநாசினியுமாக ஓடிவந்து மேட்டைத் துடைப்பார். களைத்துப்போனவனுக்கு அந்த ரத்தம் ஒரு வரம். வீட்டில் அந்த இடைவெளியில் கார் விளம்பரம் வந்துபோகும்.

வியாழக்கிழமையைவிட வெள்ளிக்கிழமை இரவு பெரிது. இந்தக் கட்டுரையின் வாதமே அந்த ஒரு இரவைப் பற்றியதுதான் என்றாலும் தப்பில்லை. அந்த அமர்வில் பத்துப் பிரிவுகளுக்கும் சேர்த்து 20 அரையிறுதிகள். அதோடு, தோற்றவர் பாதையில் ஏறி வந்தவர்களுக்கான ‘பிளட் ரவுண்ட்’: பிரிவுக்கு நான்கு வீதம் 40 ஆட்டங்கள். வென்றால் முதல் எட்டு இடத்துக்குள் வந்து ஆல் அமெரிக்கன். தோற்றால் அந்த ஆண்டுக்கான கதை முடிந்தது. இறுதியாண்டு மாணவனாக இருந்தால் கல்லூரி மல்யுத்தமே முடிந்தது. ஐந்து வயதிலிருந்து மேட்டில் புரண்ட வாழ்க்கை ஏழு நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாம்பியன் ஆகப்போகிறவர்களின் முகங்கள் டிவிக்குத் தெரியும், அவர்கள் பின்னே அது போகும். எட்டுக்குள் வர முடியாமல் போனவனின் முகத்துக்கு அதில் நேரம் குறைவு. அரங்கில் அவன் மேட்டை விட்டு இறங்கிப் பயிற்சியாளரின் தோளில் சாய்வதும், பக்கத்து மேட்டில் இன்னொருவன் தன் குடும்பம் உட்கார்ந்திருக்கும் திசையைத் தேடிக் கை நீட்டுவதும் ஒரே பார்வைக்குள் அகப்படும். ஒரு திரையில் இரண்டையும் வைக்க முடியும்தான். எதை வைப்பது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

2023-இல் டல்சா நகரில் அப்படியொரு வெள்ளி இரவு. மூன்று பட்டங்களோடு வந்த ஸ்பென்சர் லீ நான்காவதைக் குறிவைத்திருந்தார். அதுவரை நான்கு பட்டம் வென்றவர்கள் நால்வர் மட்டுமே: பேட் ஸ்மித், கேல் சாண்டர்சன், கைல் டேக், லோகன் ஸ்டீபர். அரையிறுதியில் எதிரே பர்டியூ பல்கலைக்கழகத்தின் மேட் ராமோஸ். பின்தங்கிய லீ விரட்டிப்பிடித்துச் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஒரே ஒரு விநாடி இருக்கும்போது ராமோஸ் அவருடைய இரண்டு தோள்களையும் தரையில் அழுத்தினார். நடுவரின் உள்ளங்கை மேட்டில் அறைந்தது. இந்த இடத்தில் அரங்கமும் வீடும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டன. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ச்சியின் முழு எடையும் கிடைத்தது. டிவி பார்த்தவர்களுக்கு லீயின் தாய் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையாலேயே உடைத்த காட்சி கிடைத்தது. அத்தனை ஆயிரம் பேரில் அந்த ஒருவரைக் கண்டுபிடித்தது கேமராவின் சாமர்த்தியம். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியதில் ஒரு தாயின் வேதனைக்கு எவ்வளவு மரியாதை மிஞ்சியது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். லீ அதன் பிறகு அந்தப் போட்டியில் ஆடவில்லை.

சனிக்கிழமை இரவுக்கு வந்தால் கதை மாறுகிறது. எட்டு மேட்கள் போய், நடுவில் உயர்த்திய மேடையில் ஒரே ஒரு மேட். எண்பது ஆல் அமெரிக்கன்களும் அணிவகுத்து வருவார்கள். விளக்குகள் அணையும், ஒளிக்கற்றை விழும், இசை முழங்கும். பிறகு பத்தே பத்து ஆட்டங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நேர்காணல், விளம்பரம், பரிசளிப்பு. 640-இல் இது பத்து. கண் அலைய வேறு இடமே இல்லாத இரவில் அரங்கின் பெரிய சொத்தான அந்தக் கூச்சல் வரைபடத்துக்கு வேலை போய்விடுகிறது. ஒரே மேட்டை மிக நெருக்கத்தில், நாலு கோணத்தில், விளக்கத்தோடு பார்க்க டிவியை விஞ்ச ஆளில்லை. மேல் வரிசையில் காசு கொடுத்து உட்கார்ந்தவரும் பாதி நேரம் தலைக்கு மேலே தொங்கும் ராட்சதத் திரையைத்தான் பார்க்கிறார்.

அந்த இரவின் ஒழுங்கே டிவியின் கணக்குக்கு வளைந்து கொடுக்கத் தொடங்கி வெகுநாளாகிறது. 2013-இல் டெ மாயின் நகரில் நடந்த இறுதியில் 165 பவுண்டு ஆட்டத்தை, எடை வரிசையை மாற்றி, இரவின் கடைசிக்குத் தள்ளினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கைல் டேக், நான்கு ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு எடைகளில் பட்டம் வெல்லும் முதல் ஆளாகப் போகிறார். எதிரே பென் ஸ்டேட்டின் டேவிட் டெய்லர். டேக் 5-4 என்று வென்றார். ஒலிம்பிக்கிலிருந்து மல்யுத்தத்தையே நீக்கலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாக வாரியம் பரிந்துரைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த விளையாட்டுக்கு அப்படியொரு ஆட்டம் அன்று தேவைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒலிம்பிக் இடம் திரும்பக் கிடைத்தது. கடைசியில் வைத்தது நல்ல முடிவா என்றால், ஆம். ஆனால் அது அரங்கில் இருந்தவர்களுக்காக எடுத்த முடிவல்ல.

அணிப் பட்டத்தின் சுவாரசியமும் சனிக்கிழமைக்குள் வற்றிவிடுகிறது. வெற்றிக்கும் இடத்துக்கும் புள்ளி சேர்த்து அணிப் பட்டம் கொடுப்பார்கள். முதலிடத்துக்கு மட்டும் 16. எதிராளியின் தோளைத் தரையில் அழுத்தி வென்றால் கூடுதலாக 2. 2024-இல் பென் ஸ்டேட் 172.5 புள்ளி எடுத்து, 1997-இல் கேபிளின் அயோவா அணி வைத்திருந்த 170 என்ற சாதனையை உடைத்தது. இரண்டாமிடம் பெற்ற கார்னெல் எடுத்தது 72.5. நூறு புள்ளி வித்தியாசத்தில் கடைசி இரவில் என்ன பரபரப்பு இருக்கும்? அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியாவில் அதே அணி 177 எடுத்துத் தன் சாதனையைத் தானே தாண்டியது. பத்துப் பேரை அனுப்பி, பத்துப் பேரும் ஆல் அமெரிக்கன். அணிப் போட்டியை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடத்துக்கான இழுபறி நடக்கும் வெள்ளிக்கிழமையிலும் சனிக்கிழமை பகலிலும்தான் பார்க்க முடியும்.

சனி இரவை வீட்டில் பார்ப்பதே மேல் என்பதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. 2011-இல் இதே பிலடெல்ஃபியாவில் 125 பவுண்டு இறுதி. அரிசோனா ஸ்டேட்டின் ஆண்டனி ரோபிள்ஸ் பிறவியிலேயே ஒரு கால் இல்லாதவர். அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டங்களிலும் தோல்வியில்லை. இறுதியில் முந்தைய ஆண்டின் சாம்பியனான அயோவாவின் மேட் மெக்டொனாவை 7-1 என்று வென்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, அயோவாக்காரர்களும் உட்பட. ஊர்ப்பற்றை விட்டுவிட்டு ஒரு கூட்டம் எழுந்து நிற்கும்போது, அந்தக் கூட்டத்துக்குள் நிற்பதும் அதைத் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. 2025-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்சன், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சனைக் கடைசி விநாடிகளில் கீழே கொண்டுவந்து 5-4 என்று கவிழ்த்ததும் அப்படித்தான். மேட்டுக்கு அருகில் அமெரிக்க அதிபர் டிரம்ப் உட்கார்ந்திருந்தார். விமானப்படை அதிகாரியான ஹெண்ட்ரிக்சன் அவருக்கு ராணுவ வணக்கம் வைத்தார். இப்படிப்பட்ட இரவு எந்த ஆண்டு வரும் என்று டிக்கெட் வாங்கும்போது தெரியாது என்பதுதான் சங்கடம்.

டிக்கெட்டுக்கு வருவோம். ஆறு அமர்வுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்பதுதான் முக்கிய வழக்கம். பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அங்கே நன்கொடை கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை. அதனால் நல்ல இருக்கைகள் பழைய ரசிகர்களின் குடும்பச் சொத்துபோல ஆகிவிடுகின்றன. விடுதிகள் அந்த வாரத்துக்கென்று விலையை ஏற்றிவைத்திருக்கும். பகல் அமர்வுக்கும் இரவு அமர்வுக்கும் நடுவே எங்கேயாவது நல்ல சாப்பாடு தேடி அலைய வேண்டும். இத்தனைக்கும் பிறகு கூட்டம் குறைவதில்லை. 2018-இல் கிளீவ்லாந்தில் மொத்தம் 1,13,000-க்கு மேற்பட்டவர்கள் என்று கணக்கு வந்தது. அது ஆறு அமர்வுகளின் கூட்டுத்தொகை. அமர்வுக்குச் சராசரி 19,000-க்குச் சற்றுக் குறைவு.

இன்னும் பெரிய இடத்துக்குப் போனால் என்ன என்ற ஆசையும் இருந்தது. 2015 நவம்பரில் அயோவா பல்கலைக்கழகம் தன் கால்பந்து மைதானமான கின்னிக்கின் நடுவே ஒற்றை மேட்டை விரித்து ஓக்லஹோமா ஸ்டேட்டோடு மோதியது. 42,287 பேர் வந்தார்கள், அயோவா 18-16 என்று வென்றது. ஒரு மேட், பத்து ஆட்டம், ஒரு பகல் என்பதால் அது தாங்கியது. 2020 தேசியப் போட்டியை மினியாபொலிஸின் யுஎஸ் பேங்க் ஸ்டேடியத்தில் நடத்தத் திட்டம் போட்டார்கள். அதுவும் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய பிரம்மாண்டம். கொரோனா வந்து போட்டியையே ரத்து செய்துவிட்டது. அது நடந்திருந்தால் வருகைக் கணக்கு எங்கேயோ போயிருக்கும். ஆனால் தூரத்து இருக்கையில் இருந்தவர்கள் மூன்று நாளும் பெரிய திரையைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அதற்கு வீட்டுத் திரை மேல். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் டெட்ராய்ட், டல்சா, கேன்சஸ் சிட்டி, பிலடெல்ஃபியா என்று மீண்டும் ஹாக்கி, கூடைப்பந்து அரங்குகளுக்கே போட்டி திரும்பியதில் ஒரு நியாயம் இருக்கிறது. எட்டு மேட்டின் சத்தமும் ஒரு காதுக்குள் வந்து சேரும் அளவுக்குத்தான் அந்தக் கட்டடங்கள் பெரியவை.

மகளிர் மல்யுத்தத்தைத் தேசியப் பட்டமுள்ள விளையாட்டாக என்சிஏஏ 2025 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. முதல் போட்டிக்கு அயோவாவின் கோரல்வில் நகரத்தில் உள்ள சிறிய அரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆடுவது ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைல் விதியில். வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய இந்தியக் கண்ணுக்கு ஆடவர் போட்டியைவிட அது சட்டென்று பிடிபடும். இங்கிருந்து பார்ப்பவருக்கு நேர வித்தியாசம் ஒரு தொல்லை: அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் சென்னையில் ஞாயிறு விடியற்காலை நாலரை.

ஆக, போக முடிந்தவருக்கு வழி இதுதான். வியாழன், வெள்ளி, சனிக்கிழமை பகல் என்று ஐந்து அமர்வுகளை அரங்கில் முடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை பகலைக் குறைவாக நினைக்க வேண்டாம். மூன்றாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் ஆடுபவர்களில், முந்தைய இரவு கனவு உடைந்து தூங்காமல் எழுந்து வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் யார் மறுபடியும் ஆட மனம் கொண்டார் என்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இறுதி இரவுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து கேட்கும் கிராக்கி அதிகம் என்பதால் அந்த ஒரு அமர்வின் டிக்கெட்டைக் கைமாற்றினால் நல்ல விலை போகும். போட்டி கிளீவ்லாந்தில் என்றால், பகல் அமர்வு முடிந்து காரைக் கிளப்புகிற பிட்ஸ்பர்க்வாசி இரண்டரை மணி நேரத்தில் வீடு சேர்ந்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டோடு டிவிக்கு முன் உட்காரும்போது அணிவகுப்பு தொடங்கியிருக்காது.